இரண்டு தேதிப் பத்தி, ஒரே சார்ட்: வாரத்துக்கு எத்தனை கொடுத்தோம், எத்தனை வந்தது?

சுங்குடி_கணக்கு (திங்கள், காலை 10.40)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு சுங்குடி மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். துணியை முடிச்சுப் போட வீடுகளுக்குக் கொடுத்துவிடுவோம், முடிச்சுப் போட்டு வந்ததும் சாயத்துக்குப் போகும். இதைக் கூகுள் ஷீட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஒரு சேலைக்கு ஒரு வரி: அட்டை எண், யார் வீடு, கொடுத்த தேதி, வந்த தேதி. இன்னும் வராத சேலைக்குக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்.

முதலாளி கேட்பது லேசாகத்தான் தெரிகிறது. வாரத்துக்கு எத்தனை கொடுத்தோம், எத்தனை வந்தது, இரண்டும் ஒரே படத்தில், கீழே தேதி ஓட வேண்டும். பிவட் டேபிளில் (பதிவேட்டு வரிகளைத் தொகுத்து எண்ணிக் காட்டும் அட்டவணை) கொடுத்த தேதியை வரிகளில் வைத்து, வந்த தேதியை எண்ணச் சொன்னால் ஒரு எண் வருகிறது, ஆனால் அது அந்த வாரம் வந்த சேலை இல்லை, அந்த வாரம் கொடுத்ததில் இன்றுவரைக்கும் வந்தது. இரண்டு தேதியையும் வரிகளில் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று விரிந்து ஷீட் முடிவில்லாமல் கீழே போகிறது. வேறு எப்படிச் செய்வது?

பிவட்பாண்டி (திங்கள், 11.05)

தம்பி, ஒரு பிவட்டில் அடக்கப் பார்ப்பதுதான் சிக்கல். இரண்டு போடுங்கள். ஒன்றில் கொடுத்த தேதி, இன்னொன்றில் வந்த தேதி, இரண்டையும் வாரவாரியாகக் குரூப் பண்ணி, பக்கத்தில் பக்கத்தில் காப்பி செய்து ஒட்டி சார்ட் போட்டால் முடிந்தது. அஞ்சு நிமிஷ வேலை.

ஒத்தக்கடை_ஓரம் (திங்கள், 11.50)

பாண்டி அண்ணே, அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனால் நடுவில் ஒரு குழி இருக்கிறது. பிவட் டேபிள் இருக்கிற தேதியைத்தான் காட்டும், ஒன்றுமே நடக்காத வாரத்தை அது காட்டாது. ஒரு வாரம் துணியே கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த பிவட்டில் அந்த வாரமே இருக்காது, வந்த பிவட்டில் இருக்கும். கற்பனைக்கு நாலு வாரம் போடுகிறேன் (2024 ஜூலை, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம்):

ஜூலை 1 வாரம்: கொடுத்தது 40, வந்தது 12
ஜூலை 8 வாரம்: கொடுத்தது 35, வந்தது 20
ஜூலை 15 வாரம்: கொடுத்தது இல்லை, வந்தது 31
ஜூலை 22 வாரம்: கொடுத்தது 28, வந்தது 26

இப்போது கொடுத்த பிவட்டில் மூன்றே வரி, வந்த பிவட்டில் நாலு வரி. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் 22-ஆம் தேதி கொடுத்த 28 சேலை, 15-ஆம் தேதி வந்த 31-க்கு நேராகப் போய் உட்காரும். அதற்குக் கீழே எல்லாமே ஒரு வாரம் மேலே ஏறியிருக்கும். படம் பார்க்க அழகாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து.

சுங்குடி_கணக்கு (திங்கள், பகல் 12.20)

தம்பி இல்லைங்க, தங்கச்சி.

ஒத்தக்கடை அண்ணன் சொன்ன மாதிரி பூஜ்ய வாரங்கள் எங்களிடம் நிறைய உண்டு. துணி வந்து இறங்காத வாரம், சித்திரைத் திருவிழா வாரம், பொங்கல் வாரம். வீட்டு லேப்டாப்பில் எக்செலிலும் பார்த்தேன். லைன் சார்ட்டில் முதல் கோட்டுக்குக் கொடுத்த பிவட்டின் தேதி, இரண்டாவது கோட்டுக்கு வந்த பிவட்டின் தேதி என்று தனித்தனியாகக் காட்டினேன். இரண்டாவது கோட்டுக்கு நான் காட்டிய தேதிகளை எக்செல் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

ஒத்தக்கடை_ஓரம் (திங்கள், 12.45)

அது எக்செலின் குணம் தங்கச்சி. லைன் சார்ட், பார் சார்ட் இரண்டிலும் கீழ் அச்சுக்கு ஒரே ஒரு லேபிள் வரிசைதான். முதல் தொடருக்கு என்ன தேதி கொடுத்தீர்களோ அதையே அந்த அச்சில் உள்ள மற்ற தொடர்களும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது தொடரின் முதல் எண் முதல் தேதிக்கு, இரண்டாவது எண் இரண்டாவது தேதிக்கு என்று இடம் பார்த்துத்தான் உட்காரும், தேதி பார்த்து உட்காராது. ஒவ்வொரு தொடரும் தன் சொந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமானால் ஸ்கேட்டர் சார்ட் போடணும். ஆனால் அதிலும் பூஜ்ய வாரம் பூஜ்யமாக இறங்காது, இந்தப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நேராகக் கோடு இழுத்துவிடும். துணியே கொடுக்காத வாரத்தில் ஏதோ முப்பது சேலை கொடுத்த மாதிரி தெரியும்.

அதனால் வேலையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். முதலில் தேதி, அப்புறம் எண்ணிக்கை. தனி ஷீட்டில் முதல் பத்தியில் வாரத் தொடக்கங்களை வரிசையாக எழுதுங்கள். முதல் கட்டத்தில் ஒரு திங்கட்கிழமை, அடுத்த கட்டத்தில் மேலே உள்ளதோடு 7 கூட்டு, அதைக் கீழே இழுத்துவிடுங்கள். இந்தப் பத்திக்கும் உங்கள் பதிவேட்டுக்கும் சம்பந்தமே கிடையாது, கடை பூட்டியிருந்தாலும் வாரம் வரும்.

இரண்டாவது பத்தியில் கவுன்ட்இஃப்ஸ், அதாவது நிபந்தனைக்குப் பொருந்துகிற வரிகளை மட்டும் எண்ணும் பார்முலா. நிபந்தனை இரண்டு: கொடுத்த தேதி இந்த வாரத் தொடக்கத்துக்குச் சமமாகவோ அதற்குப் பின்னாகவோ இருக்க வேண்டும், அடுத்த வாரத் தொடக்கத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். மூன்றாவது பத்தியில் அதே பார்முலா, பதிவேட்டில் பத்தி மட்டும் வந்த தேதிக்கு மாறும். காலிக் கட்டங்களை கவுன்ட்இஃப்ஸ் எண்ணாது என்பதால் வராத சேலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மூன்று பத்தியையும் தேர்ந்தெடுத்து லைன் சார்ட் போடுங்கள்.

"அந்த வாரத்தின் கடைசி நாள் வரை" என்று நிபந்தனை எழுதாதீர்கள். யாராவது நேரத்தோடு தேதி போட்டிருந்தால் ஞாயிறு பகல் பதினோரு மணி என்பது ஞாயிறைவிடப் பெரிய எண், அது எந்த வாரத்திலும் சேராமல் விழுந்துவிடும்.

பிவட்பாண்டி (திங்கள், 1.30)

எக்செல் பிவட்டிலும் டேட்டா இல்லாத தேதியைக் காட்டச் சொல்ல வசதி இருக்கே, ஃபீல்ட் செட்டிங்கில்.

ஒத்தக்கடை_ஓரம் (திங்கள், 1.40)

இருக்கு அண்ணே. நாள், மாதம் என்று குரூப் பண்ணினால் ஒழுங்காக வரும். 7 நாளாகக் குரூப் பண்ணினால் வாரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் இரண்டு பிவட்டுக்கும் ஒரே மாதிரி நீங்களேதான் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள முதல் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒன்று திங்களில் தொடங்கும், இன்னொன்று வியாழனில்.

வாடிப்பட்டி_வரிசை (திங்கள், மாலை 4.15)

பார்முலாவுக்கு முன்னால் ஒன்று பாருங்கள். தேதி உண்மையிலேயே தேதியா? இந்த மாதிரிக் கடை ஷீட் பலவற்றைப் பார்த்திருக்கிறேன், போனில் ஒருத்தர் 5.7.24 என்று புள்ளி வைத்து அடிப்பார், இன்னொருத்தர் 5/7/24. கூகுள் ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்காவில் இருந்தால் 3/7/24 என்பதை மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். 13/7/24 என்று வரும்போது பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் பாதித் தேதி மாசம் மாறிக் கிடக்கும், மீதி எண்ணிக்கையிலேயே வராது.

பார்ப்பதற்குச் சுலப வழி: பத்தியின் அலைன்மென்ட்டைத் தொடாமல் விட்டால் உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். இன்னும் நிச்சயமாக வேண்டுமானால் பத்தியை நம்பர் ஃபார்மேட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 2024 ஜூலை 1 என்பது 45474 என்று தெரிந்தால் அது தேதி, அப்படியே 1.7.24 என்று நின்றால் எழுத்து. லொகேலை ஃபைல், செட்டிங்ஸ் போய் இந்தியாவுக்கு மாற்றுங்கள், ஆனால் ஏற்கெனவே மாசம் மாறிப் பதிவானதை அது திருத்தாது, அதைக் கையால்தான் பார்க்கணும். வந்த தேதி கொடுத்த தேதிக்கு முன்னால் இருக்கிற வரிகளை ஃபில்டர் போட்டு எடுங்கள், பாதிக் கோளாறு அங்கேயே மாட்டும்.

தெப்பக்குளத்தான் (திங்கள், மாலை 5.00)

2005-லேயே புவிசார் குறியீடு வாங்கின சேலை, கணக்கு மட்டும் புள்ளியா கோடா என்று நிற்கிறது.

சுங்குடி_கணக்கு (செவ்வாய், காலை 11.15)

வாடிப்பட்டி அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. கடைப்பையன் போனில் புள்ளி வைத்து அடித்தது எல்லாம் எழுத்தாகக் கிடந்தது. மாற்றிவிட்டேன். ஒத்தக்கடை அண்ணன் சொன்ன வாரப் பத்தியும் போட்டேன், சார்ட் வந்துவிட்டது.

இப்போது வேறு பஞ்சாயத்து. முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் கை வைத்து, "இந்த வாரம் முப்பத்தஞ்சு குடுத்திருக்கோம், இருபதுதான் வந்திருக்கு, பாதிக்குப் பாதி வீட்டுல வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்கிறார். வாரத்துக்கு வாரம் வந்ததைக் கொடுத்ததால் வகுத்துச் சதவீதம் போடு, சதவீதம் குறைந்தால் அந்த ஏரியா வீடுகளுக்குத் துணியை நிறுத்தலாம் என்கிறார். எண் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

மேலூர்க்காரி (செவ்வாய், பகல் 12.10)

இடிக்கத்தான் செய்யும். அந்த 35-ம் அந்த 20-ம் ஒரே சேலைகள் கிடையாது!

இரண்டு கோடும் ஒரே தேதிக்கு மேலே நிற்பதால் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று கண்ணுக்குப் படும். அந்த வாரம் வந்த 20 சேலையும் அதற்கு மூன்று நாலு வாரம் முன்னால் கொடுத்தது. அந்த வாரம் கொடுத்த 35 அப்போதுதான் வீட்டுக்கே போயிருக்கும், பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுகிற சேலை, நகத்தால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, ஒவ்வொன்றாக. எங்க அத்தை போடுவார்கள், அடுப்பு வேலை முடிந்து உட்கார்ந்தால்தான் உண்டு. திங்கட்கிழமை கொடுத்து சனிக்கிழமை வாங்குவதற்கு அது இஸ்திரி இல்லை. அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது. நிறையக் கொடுத்த வாரம் சதவீதம் சரியும், கொடுக்காமலே விட்ட வாரம் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லி ஷீட் பிழை காட்டும். ஒத்தக்கடை அண்ணன் போட்ட 15-ஆம் தேதி வாரத்தைப் பாருங்கள், 31 வந்திருக்கிறது, பூஜ்யம் கொடுத்திருக்கிறது, என்ன சதவீதம்?

முதலாளிக்கு உண்மையில் தெரிய வேண்டியது வெளியே எத்தனை சேலை நிற்கிறது என்பது. அதற்கு நாலாவது பத்தி ஒன்று போடுங்கள். அடுத்த வாரத் தொடக்கத்துக்கு முன்னால் கொடுத்தது மொத்தம் எத்தனை, அதிலிருந்து அதே நாளுக்கு முன்னால் வந்தது மொத்தம் எத்தனை என்பதைக் கழியுங்கள். இரண்டு கவுன்ட்இஃப், நடுவில் ஒரு மைனஸ். பழைய வரிகள் எல்லாம் ஷீட்டில் இருந்தால் ஆரம்ப இருப்பு தனியாகத் தேவையில்லை. நோட்டிலிருந்து பாதியில் ஷீட்டுக்கு மாறியிருந்தால் அன்று வெளியே இருந்த எண்ணிக்கையைக் கூட்டணும். ஜூலை 1-க்கு முன்னால் 55 வெளியே இருந்தது என்று வைத்தால் அந்த நாலு வாரமும் இப்படி ஓடும்: 83, 98, 67, 69.

வாடிப்பட்டி_வரிசை (செவ்வாய், 12.40)

அக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. இதை கவுன்ட்இஃபில் போடாமல் சம்ப்ராடக்ட்டில் (நிபந்தனைகளைப் பெருக்கிக் கூட்டும் பார்முலா) போட்டால் காலிக் கட்டம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், பூஜ்யம் எல்லாத் தேதிக்கும் முன்னால் வரும். வராத சேலை எல்லாம் வந்துவிட்டதாகக் கணக்கு காட்டி, வெளியே நிற்பது மளமளவென்று குறையும். காலி இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்துப் பெருக்கணும்.

நாள்வழி (செவ்வாய், இரவு 8.30)

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டு வந்தேன். நான் கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதி ஓய்ந்தவன், கம்ப்யூட்டர் பேத்தி சொல்லிக்கொடுத்த அளவுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்கு நாள்வழி நோட்டிலேயே விடை இருக்கிறது. சரக்குப் போன தேதிக்கு ஒரு பத்தி, பணம் வந்த தேதிக்கு ஒரு பத்தி என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுத மாட்டான். தேதி ஒன்றுதான். அந்தத் தேதியில் என்ன நடந்தது, பற்றா வரவா, எவ்வளவு, அவ்வளவுதான். போனது ஒரு வரி, வந்தது இன்னொரு வரி. இந்தம்மாவின் ஷீட் சேலையைப் பார்த்து எழுதியது, முதலாளி கேட்பது நாளைப் பார்த்து. ஷீட்டை நாள்வழியாகத் திருப்பி எழுதிவிட்டால் பாண்டி தம்பி சொன்ன பிவட் ஒன்றே போதும்: தேதி வரிகளில், போனதா வந்ததா என்பது பத்திகளில்.

இன்னொன்றும் கேட்கணும். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டாகப் பத்துச் சேலை கொடுத்து, ஆறு இந்த வாரம், நாலு அடுத்த வாரம் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு தேதிப் பத்தியில் அதை எழுதவே முடியாதே. நாள்வழியில் போனது 10, வந்தது 6, வந்தது 4, மூன்று வரியில் முடிந்தது.

ஒத்தக்கடை_ஓரம் (செவ்வாய், இரவு 9.05)

ஐயா, கம்ப்யூட்டர்க்காரர்கள் நீட்டி நீட்டிச் சொல்வதை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். தங்கச்சி, எக்செலில் இதற்குப் பவர் குவரி என்று டேபிளை மாற்றி அமைக்கும் கருவி இருக்கிறது. இரண்டு தேதிப் பத்தியையும் தேர்ந்தெடுத்து அன்பிவட் கொடுத்தால் கொடுத்ததா வந்ததா என்று ஒரு பத்தி, தேதி ஒரு பத்தி என்று மாறி, ஒரு சேலைக்கு இரண்டு வரி வந்துவிடும். காலியாக உள்ள வந்த தேதியை அதுவே உதிர்த்துவிடும். கூகுள் ஷீட்டில் விஸ்டேக் என்று ஒரு பங்ஷன், ஒரு பட்டியலின் கீழே இன்னொன்றை அடுக்கும். கட்டாகக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் எண்ணாதீர்கள், கூட்டுங்கள், அதாவது கவுன்ட்இஃப்ஸ் இடத்தில் சம்இஃப்ஸ்.

வாடிப்பட்டி_வரிசை (செவ்வாய், இரவு 9.20)

கணக்கை ஷீட்டில் இல்லாமல் டேட்டாபேஸில் வைத்து எஸ்க்யூஎல் மொழியில் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: இரண்டு செலக்ட்டை யூனியன் ஆல் போட்டு அடுக்கி, அப்புறம் குரூப் பை. வெறும் யூனியன் போட்டால் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கிவிடும், அட்டை எண்ணைச் சேர்க்காமல் விட்டிருந்தால் ஒரே நாளில் கொடுத்த பத்துச் சேலை ஒன்றாகிவிடும். தனித்தனியாக எண்ணி ஜாயின் செய்கிறவர்கள் ஃபுல் அவுட்டர் ஜாயின் போடணும், இன்னர் போட்டால் பூஜ்ய வாரங்கள் காணாமல் போகும். மைஎஸ்க்யூஎல்லில் ஃபுல் அவுட்டர் கிடையாது. பவர் பிஐயில் (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் கருவி) நாள் டேபிள் ஒன்றோடு இரண்டு உறவு வைக்கலாம், ஆனால் ஒன்றுதான் உயிரோடு இருக்கும், மற்றதை யூஸ்ரிலேஷன்ஷிப் சொல்லி எழுப்பணும்.

தெப்பக்குளத்தான் (புதன், காலை 9.00)

எல்லாம் சரி. இங்கிலீஷ் வாரமும் மாசமும் எதற்கு? மதுரையில் ஜவுளி ஓடுவது தமிழ் மாசத்தில். ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் என்று பிரித்தால் ஆடி இரண்டு துண்டாக விழுந்து ஒன்றும் தெரியாது. மாசவாரியாகப் போடுகிறவர்கள் தமிழ் மாசத்தில் போடுங்கள்.

மேலூர்க்காரி (புதன், 9.40)

நல்ல யோசனை, செய்யவும் முடியும். முதல் பத்தியில் 7 கூட்டுவதற்குப் பதில் மாசப் பிறப்புத் தேதிகளைக் காலண்டரைப் பார்த்துக் கையால் எழுதிவிட்டால் போதும், பார்முலா அப்படியே வேலை செய்யும், அடுத்த வரியின் தேதிக்கு முன்னால் என்றுதானே நிபந்தனை. ஒன்று மட்டும் மனதில் வைக்கணும். மார்கழி 29, 30 நாளில் முடிந்துவிடும், ஆனியும் ஆடியும் 31, 32 வரைக்கும் போகும். மார்கழியில் குறைவு என்று தெரிவதில் கொஞ்சம் நாள் குறைவாலும் இருக்கும். நாளால் வகுத்து ஒரு நாளைக்கு எத்தனை என்று போட்டால் வழக்கு தீரும்.

முதலாளிக்கு வாரம்தான் சரி என்று நினைக்கிறேன். கூலி கொடுப்பது சனிக்கிழமை என்றால் சேலையும் சனிக்கிழமை பார்த்துத்தான் வந்து சேரும், நாள்வாரியாகப் போட்டால் ஆறு நாள் தரையில் கிடந்து ஏழாவது நாள் எகிறும். ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

பிவட்பாண்டி (புதன், 10.15)

சார்ட் வகைக்கு வருவோம். கொடுத்ததை இடது அச்சிலும் வந்ததை வலது அச்சிலும் வைத்தால் இரண்டு கோடும் நன்றாகத் தெரியுமே?

ஒத்தக்கடை_ஓரம் (புதன், 10.30)

வேண்டவே வேண்டாம் அண்ணே. இரண்டும் சேலை. ஒரே அளவில் வைத்தால்தான் எது மேலே எது கீழே என்று பார்க்க முடியும். இரண்டு அச்சு வைத்தால் 40-ம் 31-ம் ஒரே உயரத்தில் நிற்கும். அச்சின் எல்லையை மாற்றி மாற்றி யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

எனக்குப் பிடித்தது இது: கொடுத்ததை மேல்நோக்கிப் பாராகவும், வந்ததை மைனஸ் போட்டுக் கீழ்நோக்கிப் பாராகவும் வைத்து, வெளியே நிற்பதைத் தனிப் படமாக அதற்கு நேர் கீழே, அதே வார அச்சில். எக்செலில் பார் போட்டால் இன்னொரு விஷயம். கீழே தேதி இருப்பதைப் பார்த்து அது தானாகவே தேதி அச்சு வைக்கும். வாரத்துக்கு ஒரு பார்தான், ஆனால் ஏழு நாளுக்கும் இடம் ஒதுக்குவதால் பார் எல்லாம் ஊதுவத்தி கணக்கில் மெலிந்துவிடும். அச்சை டெக்ஸ்ட் அச்சாக மாற்றினால் தடிமன் திரும்பும். எல்லா வாரமும் பத்தியில் இருப்பதால் டெக்ஸ்ட் அச்சால் இங்கே கெடுதல் இல்லை.

சுங்குடி_கணக்கு (வியாழன், மாலை 6.20)

இரண்டு படமாகவே போட்டேன், மேலே பார், கீழே வெளியே நிற்பது. முதலாளி மேல் படத்தை விட்டுவிட்டுக் கீழ்ப் படத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கெல்லாம் மேடு இருக்கிறதோ அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் நாங்கள் மொத்தமாகத் துணியை வாரிக் கொடுத்திருக்கிறோம். திரும்பி வருவது என்னவோ அநேகமாக ஒரே சீராகத்தான் இருக்கிறது, தீபாவளிக்கு முன்னாலும் அப்படித்தான், பொங்கலுக்கு முன்னாலும் அப்படித்தான். துணியை நிறுத்துகிற பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

ஆனால் ஒரு சேலைக்குச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று கேட்கிறார். வந்த தேதியிலிருந்து கொடுத்த தேதியைக் கழித்துச் சராசரி போட்டேன், கொடுத்த வாரவாரியாக. கடைசி இரண்டு மூன்று வாரங்களில் சராசரி படுவேகமாக இறங்குகிறது. எல்லாரும் திடீரென்று வேகமாக முடிச்சுப் போடுகிறார்களா என்ன?

மேலூர்க்காரி (வியாழன், இரவு 7.10)

இல்லை. போன வாரம் கொடுத்ததில் இன்றைக்கே வந்துவிட்டது எது? சீக்கிரம் முடித்தது மட்டும்தான். மெதுவாக வரப்போவதற்கு இன்னும் வந்த தேதியே இல்லை, சராசரியில் அது சேரவில்லை. கடைசி வாரங்கள் எப்போதுமே வேகமாகத்தான் தெரியும், அடுத்த மாசம் இதே வாரத்தைப் பார்த்தால் ஏறியிருக்கும். கொடுத்த சேலை எல்லாம் அநேகமாகத் திரும்பிவிட்ட பழைய வாரங்களுக்கு மட்டும் அந்தச் சராசரியை நம்புங்கள், அல்லது சராசரியை விட்டுவிட்டு, கொடுத்ததில் நாலு வாரத்துக்குள் எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். நாலு வாரம் இன்னும் ஆகாத வாரங்களைப் படத்திலேயே காட்டாதீர்கள். முதலாளி கேட்ட சதவீதத்தை இந்த இடத்தில் போடலாம், இங்கே மேலேயும் கீழேயும் ஒரே சேலைகள்.

அவசரத்துக்கு உத்தேசமாக வேண்டுமானால், ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: வெளியே நிற்பதன் சராசரி, வாரத்துக்கு நடமாடும் எண்ணிக்கையை ஒரு சேலை வெளியே இருக்கும் வாரத்தால் பெருக்கினதற்குச் சமம். அந்த ஜூலைக் கணக்கில் வெளியே சராசரி 79 சேலை, வாரத்துக்கு வருவது சராசரி 22. வகுத்தால் மூன்றரை வாரத்துக்குக் கொஞ்சம் மேலே. வெளியே நிற்பது ஒரேயடியாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் இது சரிவராது, நீண்ட காலத்துக்குப் போட்டால் நம்பலாம்.

நாள்வழி (வியாழன், இரவு 8.00)

திரும்பியே வராத சேலை இருக்குமே அம்மா? வீடு மாறிப் போனவர்கள், எலி கடித்தது, சாயம் சிந்தினது. அதை என்ன செய்கிறீர்கள்?

சுங்குடி_கணக்கு (வியாழன், இரவு 8.25)

இருக்கிறது ஐயா. அப்படியே காலியாகத்தான் கிடக்கிறது, அதனால் வெளியே நிற்கிற கோடு பூஜ்யத்துக்கு எப்போதுமே இறங்குவதில்லை. வந்த தேதியில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டு மூடிவிடலாமா?

நாள்வழி (வியாழன், இரவு 8.40)

அப்படிச் செய்தால் வராத சேலை வந்ததில் சேர்ந்துவிடும், நாளைக்கு அலமாரியில் தேடுவார்கள். மூன்றாவதாக ஒரு தேதி வையுங்கள், தள்ளுபடி செய்த தேதி. வெளியே நிற்பதில் அதையும் கழியுங்கள். வந்ததில் சேர்க்காதீர்கள்.

ஒத்தக்கடை_ஓரம் (வியாழன், இரவு 9.00)

ஐயா சொன்னதேதான். அந்தப் பத்திக்கும் வாரக் கணக்கு அதே கவுன்ட்இஃப்ஸ், அதே வாரப் பத்தி. வெளியே நிற்கிற கணக்கில் இன்னொரு மைனஸ் சேரும், அவ்வளவுதான். ஷீட்டை இங்கே பகிர்வதாக இருந்தால் யார் வீடு என்ற பத்தியை நீக்கிவிட்டு, அட்டை எண்ணோடு மட்டும் போடுங்கள் தங்கச்சி, பார்முலாவை நான் பார்த்துத் தருகிறேன்.